சிரித்தாலும் ‘ஒறங்குனியா?’ என்று கேட்கிறேன்

கேள்வி: எனக்கு வயது 32. கருங்கல் பக்கத்தில் வீடு. மார்த்தாண்டத்தில் அலுமினிய ஜன்னல், கதவு செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். மனைவிக்கு 29, நர்ஸ். காதலித்து, நான்கு வருடம் முன்பு கல்யாணம் செய்தோம். போன வருடம் மாசி மாதம், தொடர்ந்து நைட் டூட்டி பார்த்து வந்த சமயத்தில், ஐந்து நாள் அவள் சரியாக உறங்கவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு முற்றம் பெருக்கினாள். முந்திரிக்கொத்து சுட்டு ஊர் முழுக்கக் கொடுத்தாள். என்னிடம் சொல்லாமல் ஆறு பவுனை அடகு வைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் துணி எடுத்தாள். தடுத்தபோது என்னை அடித்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பைபோலார், அதாவது மனசு ஒருசமயம் அளவுக்கு மீறிப் பொங்கி, இன்னொரு சமயம் அடியோடு சோரும் நோய் என்று சொல்லி லித்தியம் மாத்திரை கொடுத்தார்கள். அதன்பிறகு மூன்று மாதம் கட்டிலை விட்டு எழும்பவில்லை. இப்போது ஆறு மாதமாக நன்றாக இருக்கிறாள், பகல் டூட்டிக்குப் போகிறாள். ஆனால் மாத்திரை வேண்டாம் என்கிறாள். உடம்பு வைக்கிறது, கை நடுங்குகிறது, ஐ.வி. போட முடியவில்லை என்கிறாள். இந்த மருந்தைச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்காது என்று என் அம்மாவும் சொல்கிறார். நான் தினமும் அவளுக்குத் தெரியாமல் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பேன். போன வாரம் அதைப் பார்த்துவிட்டாள். “சிரிச்சாலும் ஒறங்குனியான்னு கேக்குதிய, அழுதாலும் மாத்திரை போட்டியான்னு கேக்குதிய. நீங்க எனக்கு மாப்பிளையா, போலீசா?” என்றாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. அடுத்த மாசி வருகிறது, பயமாக இருக்கிறது. அவளை விட்டுப் போகும் எண்ணம் எனக்கு இல்லை. எப்படிக் கூட இருப்பது என்றுதான் தெரியவில்லை.

— பெயர் வேண்டாம், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அடகும் அடியும் உறக்கமில்லாத ஐந்து நாளும்தான் கண்ணில் பட்டன. இரண்டாம் முறை படிக்கும்போது ‘ஐ.வி. போட முடியவில்லை என்கிறாள்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். உடம்பு வைப்பதோடு சேர்த்து அதையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்.

ஒரு நர்ஸுக்கு அது சின்ன விஷயமில்லை தம்பி. ஐ.வி. ஊசி போட, ரத்தநாளம் தட்டுப்படாத ஒரு வயசாளியின் கையைப் பிடித்திருக்கிறார். தன் விரல் நடுங்குவதை அந்தப் பாட்டியும் பார்க்கிறார், கட்டிலருகே நிற்கும் மகளும் பார்க்கிறாள். முதல் குத்து தவறுகிறது. இரண்டாவதும் தவறினால், நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணைக் கூப்பிட்டுப் போடச் சொல்ல வேண்டும். கைராசிக்காரி என்று பெயர் எடுத்தவருக்கு இது வாரத்தில் நாலு நாள் நடந்தால், வீட்டுக்கு வந்து அந்த மாத்திரை அட்டையை எப்படிப் பார்ப்பார்? உங்களுக்கு அது அவரைக் காப்பாற்றும் மருந்து. அவருக்கு அது தன் தொழிலைக் கையிலிருந்து பிடுங்கும் பொருள். இதில் அடம் ஒன்றும் இல்லை.

அந்த நடுக்கத்துக்கு வழி உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். லித்தியம் எடுக்கும் பலருக்கு விரல்களில் மெல்லிய நடுக்கம் வரும். ரத்தத்தில் அதன் அளவு ஏற ஏற நடுக்கமும் கூடும். நோய் திரும்பாமல் காப்பதற்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை இருந்தாலே பலருக்குப் போதும். சிலருக்கு 1.0 வரை தேவைப்படும். உங்கள் மனைவிக்குக் கடைசியாக எப்போது பார்த்தார்கள், எவ்வளவு இருந்தது? ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு லேபுக்குப் போனால் எண் தப்பாகக் கூடிக் காட்டும். அளவைப் பார்த்துக் கொஞ்சம் குறைக்கலாம். மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாறலாம். முழுவதையும் ராத்திரிக்கே வைக்கலாம். ஆஸ்துமா இல்லையென்றால் புரோப்ரனலால் கொஞ்சம் சேர்த்து நடுக்கத்தை அடக்கலாம். ஒன்றும் சரிவரவில்லை என்றால் வேறு மருந்துக்கு மாறவும் முடியும். தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள். லித்தியம் சிலருக்குத் தைராய்டு சுரப்பைக் குறைத்துவிடும். அது குறைந்தால் உடம்பும் வைக்கும், மனசும் சோரும். பழியெல்லாம் நோயின் மேல் போகும். தைராய்டு, கிட்னி இரண்டுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை அவசியம்.

இத்தனையும் அவருடைய டாக்டர் செய்ய வேண்டியவை. வீட்டில் வைத்து மாத்திரையைப் பாதியாக உடைப்பதோ, ‘ஒரு வாரம் விட்டுப் பார்ப்போம்’ என்பதோ வேண்டாம். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் மேனியா என்று நாங்கள் சொல்லும் அந்த எழுச்சி சில வாரங்களிலேயே திரும்பி வந்துவிடலாம்.

சரி, நீங்கள் மாத்திரை எண்ணிய விஷயத்துக்கு வருவோம்.

நான் மனநல மருத்துவராகத் தொழிலுக்கு வந்த புதிதில், ‘மாத்திரையை எண்ணிப் பாருங்க, அவங்களுக்குத் தெரிய வேண்டாம்’ என்று கணவன்மாரிடமும் மனைவிமாரிடமும் நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். ஒருநாள் ஒரு பெண் எதிரில் வந்து உட்கார்ந்து, “டாக்டரம்மா, எனக்கு வைத்தியமும் பாத்திய, வீட்டுல ஒரு வார்டனயும் வச்சிட்டிய” என்றார். அவர் மூன்று மாதமாக மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி வாஷ்பேசினில் போட்டுக்கொண்டிருந்தார். கணவரின் கணக்கு ஒவ்வொரு நாளும் சரியாக இருந்தது. அன்றிலிருந்து அப்படி யாரிடமும் நான் சொன்னதில்லை.

எண்ணுவதை இன்றோடு நிறுத்துங்கள். நிறுத்திவிட்டதாக அவரிடம் சொல்லவும் செய்யுங்கள். ‘பயத்துல பண்ணிட்டேன், இனி பண்ண மாட்டேன்’ என்று சொன்னால் போதும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்து வீடுகளில் இது நடக்கிறது: காப்பியிலோ குழம்பிலோ மருந்தைக் கலந்து கொடுக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். லித்தியம் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. கலந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். தெரிய வந்த அன்றே, நீங்கள் கொடுக்கும் வெறும் சோற்றின் மேலும் அவருக்கு நம்பிக்கை போய்விடும்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பைபோலார் உள்ளவருக்கும் சிரிப்பு வரும், கோபம் வரும், ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா படுத்துக் கிடக்கத் தோன்றும். முட்டம் கடற்கரைக்குப் போய் சத்தமாகச் சிரித்துவிட்டு வந்தால் அது ஒரு நல்ல சாயங்காலம், அவ்வளவுதான். உங்கள் அம்மா சொன்ன ஒரு வார்த்தைக்கு அவர் கோபப்பட்டால், அந்த வார்த்தை சரியா என்று முதலில் பாருங்கள். மாத்திரையைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? உறக்கத்தைத்தான். ஆனால் நீங்கள் பார்க்கும் விதத்தில் ஒரு மாற்றம் வேண்டும். உறக்கம் வராமல் புரண்டு புரண்டு படுத்து, காலையில் கண் எரிய எழுந்திருப்பது யாருக்கும் உள்ளது. மூன்று மணி நேரம் மட்டும் உறங்கிவிட்டு, களைப்பே இல்லாமல், ‘எனக்கு இதுவே போதும்’ என்று துள்ளி எழுவதுதான் மேனியாவின் வாசல். அதோடு பேச்சு வேகமாகும், ஒரு வேலை முடியும் முன் இன்னொன்று தொடங்கும், கையில் காசு நிற்காது, தன்னால் முடியாதது எதுவுமில்லை என்று தோன்றும். சிலருக்கு உடல் ஆசையும் வழக்கத்தை மீறிக் கூடும். இவற்றில் ஒன்று மட்டும் ஒருநாள் இருந்தால் அது ஒன்றுமில்லை. மூன்று நாலு சேர்ந்து, நாள் கணக்கில், அவருடைய வழக்கத்துக்கு மாறாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இந்தக் கணக்கை அவரே எழுதட்டும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். அதில் நூலில் கட்டிய ஒரு பென்சில். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் இரண்டு எண்கள் இருக்கும், மேலே மனைவி உறங்கிய மணி, கீழே கணவர் உறங்கிய மணி. நோய் மனைவிக்கு. ஆனால் கணவரும் எழுதுவார். அவர் ரப்பர் பால் வெட்டப் போகிறவர், விடியற்காலம் மூன்று மணிக்கே எழும்ப வேண்டும், அதனால் அவருடைய எண்தான் பெரும்பாலும் மோசமாக இருக்கும். ‘நீங்க மொதல்ல ஒறங்குங்க’ என்று மனைவி அவரைத் திட்டுவாராம். ஒருமுறை மனைவியின் எண்கள் ஏழு, ஆறரை, ஐந்து, நாலு என்று இறங்கின. நாலு என்று எழுதிய அன்று காலையில், யாரும் சொல்லாமல், அவரே எனக்குப் போன் செய்தார். மருந்தில் சிறு மாற்றம் செய்தோம். ஒரு வாரத்தில் எண் ஏழுக்குத் திரும்பியது. அட்மிஷன் இல்லை, அடகு இல்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பென்சில் கட்டுங்கள். இரண்டு ராத்திரி தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக உறங்கி, அவர் களைப்பில்லாமலும் இருந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிடுவது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிடுவது அவராகவே இருக்கட்டும்.

உறக்கத்தைக் கெடுக்கும் நாட்கள் நம் ஊரில் முன்கூட்டியே தெரிந்தவைதான். மாசியில் மண்டைக்காட்டுக் கொடை, டிசம்பரில் கோட்டாறு சவேரியார் திருவிழாவும் கிறிஸ்துமஸும், மார்கழியில் சுசீந்திரம் தேர், நடுவில் கல்யாண வீடுகள். முந்தின ராத்திரி காய் வெட்ட உட்கார்ந்தால் எழும்ப விடியும். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போகட்டும், சந்தோஷமாக இருக்கட்டும், பத்து மணிக்கு வீட்டில் படுக்கட்டும். நீங்களும் கூடவே கிளம்பி வந்தால் ‘நோயாளி என்பதால் சீக்கிரம் போகிறாள்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நைட் டூட்டி மட்டும் இனி வேண்டவே வேண்டாம். மருத்துவக் காரணத்தால் இரவுப் பணி கூடாது என்று டாக்டர் சர்டிபிகேட் தருவார். அதில் நோயின் பெயரைப் போட வேண்டிய அவசியமில்லை.

அடுத்த மாசியை நினைத்துப் பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் நல்லதற்குத்தான், உங்கள் கையில் இப்போது அமைதியான மாதங்கள் இருக்கும்வரை. 2017 நவம்பர் 30-ஐ நம் கடற்கரையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் படகுகள் கரையிலிருந்து வெகுதூரம் போயிருந்தன. கரையிலிருந்து எவ்வளவு கூப்பிட்டும் அங்கே எட்டவில்லை. மேனியா ஏறிய ஆளிடம் பேசுவதும் அப்படித்தான். அந்த நேரத்தில் நீங்கள் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், ‘என் சந்தோஷம் இவனுக்குப் பொறுக்கவில்லை’ என்றுதான் அவருக்குக் கேட்கும். பேச வேண்டியதை, எழுத வேண்டியதை, இந்த மாதமே முடித்துவிடுங்கள்.

எழுதுவது என்றால் காகிதத்தில், அவர் கையெழுத்தில். இரணியல் பக்கத்திலிருந்து என்னிடம் வரும் ஒருவர் தன் மனைவிக்காக எழுதிய தாளை ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருக்கிறார். நோட்டுப் புத்தகத்தில் கிழித்த ஒரு பக்கம். அதில் இப்படி இருக்கும்: ‘பழைய கிளாஸ் பையன்களைத் தேடித் தேடிப் போன் பண்ண ஆரம்பித்தேன் என்றால் என் அண்ணனைக் கூப்பிடு. மாமாவைக் கூப்பிடாதே, மாமா சத்தம் போடுவார், எனக்கு வெறி கூடும். பைக் சாவியை அண்ணனிடம் கொடு. டாக்டர் சொன்ன அந்த ராத்திரி மாத்திரையை உன் கையால் கொடு, நான் சண்டை போட்டாலும் கொடு. பிள்ளைகளை அம்மா வீட்டுக்கு அனுப்பு.’ அவருடைய நோயின் முதல் அறிகுறி பழைய நண்பர்களுக்குப் போன் போடுவது என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. அவரும் மனைவியும் உட்கார்ந்து, மூன்று முறை நோய் வந்ததை நினைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது அது.

உங்கள் மனைவிக்கு அது ராத்திரி முற்றம் பெருக்குவதாக இருக்கலாம், முந்திரிக்கொத்தாக இருக்கலாம். அதற்கும் முன்னால் ஏதோ ஒன்று இருந்திருக்கும். அவரிடம் கேளுங்கள். ‘உனக்கு உள்ளுக்குள்ள மொதல்ல என்ன மாறிச்சு?’ என்று. வெளியே தெரியும் முன்னமே உள்ளே தெரிந்துவிடும் என்று பலர் சொல்கிறார்கள். நிறமெல்லாம் பளிச்சென்று தெரியும், பாட்டு வேறு மாதிரிக் கேட்கும் என்பார்கள். அந்த நாட்கள் இனிமையாக இருந்தன என்றுகூட அவர் சொல்லலாம். திட்டிவிடாதீர்கள். அந்த இனிமையை இழந்த வருத்தம் அவருக்கு உண்மையானது. அதை உங்களிடம் சொல்ல முடிந்தால், மாத்திரையைத் தொடர்வது அவருக்குக் கொஞ்சம் எளிதாகும்.

பணத்தையும் அந்தத் தாளில் சேருங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் எந்தச் செலவானாலும், அது உங்கள் பட்டறைக்கு வாங்கும் மெஷினாக இருந்தாலும், இரண்டு ராத்திரி உறங்கி எழுந்த பிறகே என்று வைத்துக்கொள்ளலாம். விதி இருவருக்கும் பொதுவாக இருந்தால் அவமானம் இருக்காது. நகை எங்கே இருக்க வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். ஒரு வேண்டுகோள்: அந்த ஆறு பவுனைச் சண்டையில் எடுக்காதீர்கள். மீட்டாயிற்றா, இன்னும் இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. எப்படியிருந்தாலும் அது காய்ச்சலில் உடைந்த கண்ணாடி டம்ளர் மாதிரி. அவர் தனியாக இருக்கும்போது அதை எத்தனை முறை நினைத்து நினைத்து வெட்கப்பட்டிருப்பார் என்பது உங்களுக்குத் தெரியாது.

இப்படி எழுதி வைப்பதற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, நோய் வந்தால் தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். தன் சார்பில் நிற்க ஒருவரை நியமிக்கலாம். அந்த ஆளாக உங்களைத்தான் அவர் போட வேண்டும் என்றில்லை. அக்காவைப் போட்டால் வருத்தப்படாதீர்கள்.

அத்தனையும் செய்தும் ஒருவேளை மேனியா வந்துவிட்டால், வாதாட வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். டிவியை அணையுங்கள், பார்க்க வரும் சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்புங்கள், சாப்பாடும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும், அன்றே டாக்டரிடம் கொண்டு போங்கள். அவர் அடித்தால் நீங்கள் விலகி நில்லுங்கள். ஆபத்து என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். கட்டிப் போடுவது மட்டும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். சங்கிலி போடுவதை அதே 2017 சட்டம் அடியோடு தடை செய்கிறது. குருசடிக்கோ கோவிலுக்கோ அழைத்துப் போய் மெழுகுதிரி ஏற்றிக் கும்பிடுவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை, நானும் கும்பிடுகிறவள்தான். மாத்திரையைப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

நம் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது, உங்கள் காதிலும் விழுந்திருக்கும். யாருக்காவது மனசு சரியில்லை என்றால் ‘ஊளம்பாறைக்குக் கொண்டு போ’ என்பார்கள். 1956-க்கு முன்பு நாம் திருவிதாங்கூரில் இருந்தோம், திருவனந்தபுரத்தில் ஊளம்பாறையில்தான் அன்றைக்கு மனநல ஆஸ்பத்திரி. எத்தனையோ பேர் அங்கே குணமாகித் திரும்பியிருக்கிறார்கள். ஊர் அந்தப் பெயரைத் திட்டுச் சொல்லாக்கிவிட்டது. உங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல் விளையாட்டுக்குக்கூட வரக் கூடாது. இன்றைக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. பணம் ஒரு காரணமாகச் சிகிச்சையை விட வேண்டியதில்லை.

மேனியாவை விட எனக்கு அதிகப் பயம், அதற்குப் பின்னால் வரும் சோர்வுதான். அந்த மூன்று மாதம் அவர் கட்டிலில் கிடந்ததைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மேனியா சத்தம் போடும், ஊர் கூடும். சோர்வு சத்தம் போடாது. அது திரும்ப வந்தால் ‘எழும்பு, மனசை மாத்திக்கோ, எத்தனை பேர் உன்னைவிடக் கஷ்டப்படுறாங்க’ என்று சொல்லாதீர்கள். ‘குளிச்சிட்டு வா’ என்பதற்குப் பதில் தண்ணீரைச் சுடவைத்து எடுத்து வைத்துவிட்டு, ‘வா, நான் வெளியே நிக்கேன்’ என்று சொல்லுங்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மட்டிப்பழத்தை உரித்துப் பாதி அவரிடம் கொடுத்து, பாதி நீங்கள் சாப்பிடுங்கள். அவ்வளவுதான் அன்றைக்கு முடியும் என்றால் அவ்வளவு போதும். சாக வேண்டும் போல இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. கேட்டால் பல பேருக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். ‘ஆமா’ என்றால் தனியாக விடாதீர்கள், அன்றே டாக்டரைப் பாருங்கள். எந்த நேரமானாலும் 14416-ஐக் கூப்பிடலாம், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. அந்த நாட்களில் வீட்டில் மருந்து இருப்பு அதிகம் வேண்டாம். தோட்டத்து மருந்து, ரப்பர் பாலுக்கு வாங்கும் ஆசிட் எல்லாம் வேறு இடத்தில் பூட்டி இருக்கட்டும்.

லித்தியம் பற்றி இரண்டு வார்த்தை, அவர் நர்ஸ், அவருக்குத் தெரியும், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். மூட்டு வலி, தலைவலிக்குக் கடையில் வாங்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். பாரசிட்டமால் போதும். வயிற்றுப்போக்கு, வாந்தி, தண்ணீர்கூடக் குடிக்காத விரதம், திடீரென்று உப்பைக் குறைப்பது எல்லாமும் ஏற்றும். மெல்லிய நடுக்கம் பெரிய உதறலாகி, நடை தள்ளாடி, பேச்சுக் குழறினால், அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு.

அம்மா சொன்னதற்கு வருகிறேன். பைபோலார் உள்ள பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள், நன்றாக வளர்க்கவும் செய்கிறார்கள். ஆனால் திட்டமிட்டுப் பெற வேண்டும். லித்தியம் முதல் மூன்று மாதத்தில் எடுத்தால் குழந்தையின் இதயத்தில் குறை வரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது, அளவு கூடினால் அதுவும் கூடும். ஆனாலும் அதை எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் பெரும்பாலானவை நலமாகவே பிறக்கின்றன. அதனால் நிறுத்துவதா, குறைப்பதா, தொடர்வதா என்று மனநல மருத்துவரும் பிரசவ மருத்துவரும் உங்களோடு உட்கார்ந்து முடிவு செய்வார்கள். வால்ப்ரோயேட் என்ற மருந்துதான் பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களுக்குத் தவிர்க்க வேண்டியது. யாராவது மாற்றி எழுதினால் கேட்டுக்கொள்ளுங்கள். நோய் பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ராத்திரி யோசித்திருப்பீர்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஏறக்குறைய பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேருக்கு இந்த நோய் வருவதில்லை.

கவனமாக இருக்க வேண்டியது பிரசவம் முடிந்த முதல் சில வாரங்கள். உறக்கமில்லாத அந்த நாட்களில்தான் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். ராத்திரியில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். உங்கள் அம்மாவைவிடப் பொருத்தமான ஆள் யார்? ‘மருந்தை நிறுத்தச் சொல்லாதீங்க’ என்று அவரிடம் சண்டை போடுவதைவிட, ‘பேரப்பிள்ளை வந்தா ராத்திரி நீங்கதான் பாத்துக்கணும், அவ ஒறங்கினாத்தான் பிள்ளைக்கும் நல்லது’ என்று இப்போதே சொல்லி வையுங்கள். ஒருமுறை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், உங்கள் மனைவி சம்மதித்தால். மாமியார்கள் வில்லிகள் இல்லை. யாரும் அவர்களுக்கு எதையும் விளக்கிச் சொல்வதில்லை.

கடைசியாக உங்களைப் பற்றி. இவ்வளவு பெரிய கடிதம் எழுதுகிறவர்கள் தன்னைப் பற்றி ஒரு வரியாவது எழுதுவார்கள். நீங்கள் ‘பயமாக இருக்கிறது’ என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். மனைவி அடித்தார் என்று வெளியே சொல்ல ஆண்களுக்கு நாக்கு எழும்பாது, எனக்குத் தெரியும். நோயில் நடந்தது என்று புரிந்திருந்தாலும் அது வலித்திருக்கும். அதை அவர் நலமாக இருக்கும் ஒரு நாளில், குற்றம் சொல்லும் குரல் இல்லாமல், ‘அன்னைக்கு எனக்குக் கஷ்டமா இருந்துச்சு’ என்று நீங்கள் சொல்லலாம். சொல்லாமலே விழுங்கினால் அது மாத்திரை எண்ணுவதாகத்தான் வெளியே வரும். முழுக் கதையும் தெரிந்த ஒரு நண்பன் உங்களுக்கு வேண்டும், யார் என்பதை மனைவியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவருடைய விஷயம் அது. வாரத்தில் ஒரு சாயங்காலம் பட்டறையை அடைத்துவிட்டு, பந்து விளையாடவோ தூண்டில் போடவோ, முன்பு என்ன செய்தீர்களோ அதற்குப் போங்கள்.

அடுத்த செக்கப் எப்போது என்று பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் தள்ளியிருந்தால் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். போகும் முன், ‘நானும் உள்ளே வரட்டுமா?’ என்று அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். வா என்றால் போய் உட்கார்ந்து, கை நடுக்கத்தை அவரே முதலில் சொல்லும்வரை பேசாமல் இருங்கள். டாக்டர் அதைக் கேட்டும் கேட்காததுபோல அடுத்த கேள்விக்குப் போனால் மட்டும் வாயைத் திறங்கள். ‘டாக்டர், அவ நல்ல நர்ஸ். அவளால ஐ.வி. போட முடியணும்.’